காசும் வாசியும்

பிறவி அறவும் பிணி தீரவும் வேண்டிப் பாடிய பதிகங்கள் தமிழ்ப் பக்தி இலக்கியத்தில் மிகுதி. கையில் உள்ள காசு கடைத்தெருவில் கழிவில்லாமல் செல்ல வேண்டும் என்று இறைவனிடமே முறையிட்ட பதிகம் ஒன்றும் தேவாரத்துள் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் திருவீழிமிழலையில் பாடிய அப்பதிகம், முதல் திருமுறையில் 92ஆவதாக வைக்கப்பட்டுள்ளது. அவர் நீக்கும்படி வேண்டுவது வாசி. அதாவது, தரமோ எடையோ குறைந்த காசை முழுக்காசாக ஏற்க மறுக்கும் வணிகர், அதை மாற்றிக்கொடுக்கும்போது பிடித்துக்கொள்ளும் வேறுபாட்டுத் தொகை. வட்டம் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. இன்று வெளிநாடு செல்பவர் ரூபாயை டாலராகவோ ரியாலாகவோ மாற்றும்போது இழப்பதும், வங்கி அட்டையை அயல்நாட்டுக் கடையில் தேய்க்கும்போது கூடுதலாகக் கழிவதும் இதே இனத்தைச் சேர்ந்தவையே. பொருட்பற்றை விடச் சொல்லும் சமயம், நூற்றுக்கு இரண்டோ மூன்றோ கழிவதைத் தவிர்க்க ஒருவர் கணக்குப் பார்த்து அலைவதை உலோபம் என்று ஒதுக்குமா, நியாயம் என்று ஏற்குமா என்பது, பார்வைக்குச் சிறியதாக இருந்தாலும், அறநூல்கள் பலவும் தொட்டுச் சென்ற வினாவாகும்.

திருவீழிமிழலை நிகழ்ச்சியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். நாட்டில் பஞ்சம் வந்தபோது அவ்வூரில் தங்கியிருந்த சம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும், அடியார்களுக்கு அமுதளிக்கும் பொருட்டு, கோயிலின் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் நாள்தோறும் ஒவ்வொரு காசு வைப்பதாக இறைவன் கனவில் அறிவிக்கிறார். அப்படியே காசும் வருகிறது. இருவருடைய மடங்களிலும் சமையல் நடந்தாலும், நாவுக்கரசர் மடத்தில் அடியார்கள் உரிய வேளையில் உண்டு முடிக்க, சம்பந்தர் மடத்தில் உணவு தாழ்ந்தே வருகிறது. காரணம் கேட்டபோது, நாவுக்கரசருக்குக் கிடைக்கும் காசைக் கடைக்காரர் அப்படியே வாங்கிக்கொள்கின்றனர் என்றும், சம்பந்தருக்குக் கிடைக்கும் காசுக்கு வாசி கேட்பதால் பண்டம் வாங்கிவரக் காலம் நீள்கிறது என்றும் மடத்தார் சொல்கின்றனர். அடுத்த நாள் சம்பந்தர் பதிகம் பாடுகிறார். காசின் வாசி நீங்குகிறது.

இந்த வேறுபாட்டுக்குச் சேக்கிழார் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. சம்பந்தர் இறைவனுக்கு மகன் முறையினர் ஆதலால் வாசியுள்ள காசு பெற்றார். நாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் ஆதலால் வாசியில்லாத காசு பெற்றார். மகனுக்குத் தருவது கொடை, தொண்டனுக்குத் தருவது ஊதியத்தின் தன்மை உடையது. கொடையில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம், உழைப்புக்கு ஈடாகத் தரும் காசில் குறை இருக்கலாகாது என்ற ஓர் அறம் இவ்விளக்கத்துள் அடங்கியிருக்கிறது. இதைத் தத்துவமாக மட்டும் படித்துவிட்டுப் போகும் உரையாளர்கள், கதையின் மற்றொரு பகுதியைப் போதிய அளவு கவனிப்பதில்லை. வாசியினால் சம்பந்தருக்கு நேர்ந்த இழப்பைக் கதை பொன்னின் எடையாகச் சொல்லவில்லை, பசித்திருந்தோர் காத்திருந்த நேரமாகச் சொல்கிறது. மாற்றுக் கழிவு யாரிடம் வாங்கப்படுகிறதோ அவரோடு நின்றுவிடாமல், அவரை நம்பி இருப்பவரின் இலைக்குப் போய்ச் சேர்கிறது. மேலும், சம்பந்தர் கடைக்காரரைப் பழிக்கவில்லை. காசெல்லாம் மாயை என்று தம்மைத் தேற்றிக்கொள்ளவும் இல்லை. காசை வெளியிட்டவனிடமே சென்று, நல்ல காசாகத் தரும்படி கேட்டார். குறை எங்கே தோன்றுகிறதோ அங்கே முறையிட்ட அந்தத் தெளிவு, பணத்தைப் பற்றிப் பேசுவதே பக்திக்கு இழுக்கு என்று கருதும் பிற்கால மனப்பான்மைக்கு நேர் எதிரானது.

இந்த வினாவைப் பிரித்து ஆராய்வதற்கு, கழிவு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் கலந்து கிடப்பதை முதலில் உணர வேண்டும். ஒன்று, இரு நாணயங்களுக்கு இடையே உண்மையிலேயே உள்ள மதிப்பு வேறுபாடு. இரண்டாவது, மாற்றித் தருபவரின் உழைப்புக்கும், அவர் முடக்கி வைக்கும் முதலுக்கும், விலை ஏறி இறங்கும் ஆபத்துக்கும் உரிய கூலி. மூன்றாவது, மாற்ற வருபவரின் அறியாமையையும் அவசரத்தையும் பயன்படுத்திக்கொண்டு அடையும் ஊதியம். முதலாவது அளவையைச் சார்ந்தது, இரண்டாவது வணிகத்தைச் சார்ந்தது, மூன்றாவது மட்டுமே அறத்தின் விசாரணைக்கு உரியது. ஆனால் நடைமுறையில் மூன்றும் ஒரே எண்ணாகச் சுருங்கி ரசீதில் விழுவதால், எது எவ்வளவு என்று பிரித்தறிவது மாற்றுபவரால் இயலாததாகிறது.

பழைய அரசுகள் இவற்றைப் பிரித்தே வைத்திருந்தன. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், நாணயத்தைச் சோதிக்கும் அதிகாரியின் கடமைகளைக் கூறும் இடத்தில், நூற்றுக்கு 8 என ஒரு வரியையும், வியாஜி என்ற பெயரில் நூற்றுக்கு 5ஐயும், சோதனைக் கூலியாக நூற்றுக்கு எட்டில் ஒரு பங்கையும் தனித்தனியே வகுக்கிறது. வீதம் கடுமையானதுதான், ஆயினும் எது எதற்காக என்பது வெளிப்படை. தமிழ்க் கல்வெட்டுகளில் அறக்கட்டளைக்குப் பொன் வைத்தவர்கள் அன்றாடு நற்காசு என்றும், தீப்போக்குச் செம்பொன் என்றும், அதாவது அன்று வழக்கில் உள்ள நல்ல காசு என்றும் தீயில் இட்டுச் சோதித்த செம்பொன் என்றும், தரத்தைக் குறித்தே எழுதினர். விளக்கெரிக்க வைத்த பொன் பின்னொரு நாள் மாற்றுக் குறைந்த பொன்னாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் தெரிகிறது. தெய்வத்துக்குக் கொடுப்பதாயினும் கணக்கில் நெகிழ்ச்சி காட்டவில்லை. திருவள்ளுவரும் வணிகரின் அறத்தைப் பொருள் ஈட்டுவதைப் பேசும் அதிகாரத்தில் வைக்காமல் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமுறையின் பெயரையே தன் பெயராகக் கொண்டு அமைந்திருக்கும் தேவாரம் என்ற ஊருக்கு, நாணய மாற்று ஒரு காலத்தில் ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. இவ்வூருக்கு மேலே சாக்கலூத்து மெட்டு. வடக்கே போடிமெட்டு, தெற்கே கம்பம்மெட்டு, அதற்கும் அப்பால் குமுளி. இம்மெட்டுகளைத் தாண்டினால் அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம். மலையின் இப்புறம் பிரிட்டிஷ் இந்தியாவின் மதுரை மாவட்டமாகவும், அப்புறம் தனி மன்னராட்சியாகவும் இருந்த நிலையில், திருவிதாங்கூர் 1949 வரை தன் சொந்த நாணயத்தை வைத்திருந்தது. அங்கு 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆகவே திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ 28½ சக்கரம். ஏலக்காய்க் காட்டில் வேலை செய்து திருவிதாங்கூர் ரூபாய் நூறு சேர்த்துக்கொண்டு கீழே இறங்கும் ஒருவருக்கு, இந்த வீதப்படி கணக்கிட்டால், கம்பம் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 98¼ ரூபாய்தான் கிடைக்கும்.

இந்த ஒன்றேமுக்கால் ரூபாய்க் குறைவு யாரும் பறித்துக்கொண்டது அன்று. இரு ரூபாய்களும் பெயரளவில் ஒன்றாக இருந்தாலும் மதிப்பில் வேறானவை என்பதன் விளைவு. ஆனால் அந்த அரைச் சக்கரம் இருக்கிறதே, அது மிக எளிதில் முதல் வகையிலிருந்து மூன்றாம் வகைக்கு நழுவிவிடக் கூடியது. பிரிட்டிஷ் ரூபாயுடன் மலையேறி வருபவரிடம் ரூபாய்க்கு ரூபாய்தானே என்று 28 சக்கரம் மட்டும் எண்ணிக் கொடுக்கும் கடைக்காரர் பொய் ஏதும் சொல்லவில்லை. பெயரொற்றுமை அவருக்காகப் பேசிவிடுகிறது. எழுத்தும் கணக்கும் அறியாத ஒருவரிடம் சில்லறையை முழுமையாக்கிக் கொடுப்பது, தனித்தனியாகப் பார்த்தால் அற்பம். ஒரு பருவம் முழுதும் கூட்டிப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் சில நாள் அரிசி.

திருவிதாங்கூர் விஷயத்தில் சமயக் கோணம் ஒன்றும் உண்டு. மார்த்தாண்டவர்மா 1750இல் தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, தாமும் தம் வழியினரும் பத்மநாபதாசர் என்ற நிலையிலேயே ஆள்வதாக ஏற்றுக்கொண்டார். அக்கொள்கைப்படி அந்நாட்டு நாணயம் ஒரு வகையில் தெய்வத்தின் காசு. குமுளி வழியாகச் சபரிமலைக்குச் சென்றவர் மதுரைச் சீமையின் ரூபாயுடன் தெய்வத்தின் நாட்டுக்குள் நுழைந்தபோதும் சக்கரக் கணக்கு அவரை விடவில்லை. அரசு தெய்வத்தினுடையது என்பதால் வாசி நீங்கிவிடுவதில்லை. அதை வெளிப்படையாக அறிவிக்கும் பொறுப்புத்தான் கூடுகிறது.

பணத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புவது மாற்றுவதிலிருந்து வேறான வினா. இதற்கும் சைவ மரபு ஒரு கதை வைத்திருக்கிறது. சுந்தரர் திருமுதுகுன்றத்தில், இன்றைய விருத்தாசலத்தில், இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை வழியில் சுமந்து செல்லாமல் மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளும் வரம் பெறுகிறார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழியை இக்கதையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். வழிப்பறி அச்சமும் சுமை கூலியும் தரகும் இல்லாத இப்பணவிடையில் கவனிக்க வேண்டியது, பொன்னை ஆற்றில் இடுமுன் சுந்தரர் அதில் மச்சம் வெட்டிக்கொண்டார் என்பது. மச்சம் என்பது பொன்னின் மாற்றைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்து வைக்கும் மாதிரித் துண்டு. திருவாரூரில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தபோது மாதிரியைவிட மாற்றுக் குறைந்திருந்தது. அவர் மீண்டும் பாடிய பின்பே மாற்று ஒத்தது. இறைவனைத் தோழனாகப் பெற்றவரே மாதிரி எடுத்து வைத்தார், குறைந்தபோது கேட்டும் வாங்கினார். இதை நம்பிக்கையின்மை என்று சைவ மரபு கருதவில்லை. திருவாரூரில் இன்றும் மாற்றுரைத்த விநாயகர் என்ற பெயரில் ஒரு பிள்ளையார் வழிபடப்படுகிறார்.

கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் நெடுங்காலமாக வாழும் இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி என்னும் சட்ட மரபைப் பின்பற்றுபவர்கள். இஸ்லாமியச் சட்டம் நாணய மாற்றுக்கு ஸர்ஃப் என்று தனிப்பெயரே வைத்து, மற்ற வணிகங்களைவிடக் கடுமையான விதிகளை அதற்கு விதித்தது. பொன்னுக்குப் பொன்னோ வெள்ளிக்கு வெள்ளியோ மாற்றினால் எடை சமமாக இருக்க வேண்டும், அமர்ந்த இடத்திலேயே கைமாற வேண்டும். பொன்னுக்கு வெள்ளி மாற்றினால் வீதம் இருவர் விருப்பம், ஆனால் அப்போதும் கடன் கூடாது. காலம் தாழ்த்துவதற்கு விலை வைத்தால் அது வட்டியாகிவிடும் என்பது இவ்விதியின் அடிப்படை. இன்றைய நாட்டு நாணயங்களைத் தனித்தனி இனங்களாகக் கொள்ளும் அறிஞர்கள், வீதத்தில் இலாபம் வைப்பதைத் தடுப்பதில்லை. கைமாறாமல் தவணை வைப்பதையே தடுக்கின்றனர்.

இதைவிட நுட்பமானது ஸுஃப்தஜா என்ற ஆவணத்தைப் பற்றிய விவாதம். ஓர் ஊரில் ஒருவருக்குக் கடனாகப் பணம் கொடுத்து, மற்றோர் ஊரில் அவருடைய ஆளிடம் அதே தொகையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்கான சீட்டு அது. நம் வணிகர் உண்டியல் என்று வழங்கியதற்கு ஒப்பானது. கட்டணம் ஏதும் இல்லை, கொடுத்த தொகையே திரும்பி வருகிறது. ஆயினும் ஹனஃபி சட்ட அறிஞர்கள் முன்கூட்டியே நிபந்தனையாகப் பேசப்படும்போது இதை விரும்பத்தகாதது என்றனர். கடன் கொடுத்தவர் வழியில் பணம் பறிபோகும் ஆபத்திலிருந்து தப்பிக்கிறார். அது ஒரு பயன். கடனால் கிடைக்கும் பயன் வட்டியின் சாயலுடையது என்பது அவர்கள் வாதம். வெளிப்படையாகக் கட்டணம் இல்லாத இடத்திலும் ஒருவர் சுமந்த ஆபத்து மற்றவரின் ஆதாயமாக மாறியிருக்கலாம் என்பதை இந்த அளவு கூர்மையாகக் கண்ட மரபு, கமிஷன் இல்லை என்று விமானநிலையத்தில் எழுதி வைத்திருக்கும் பலகையை நம்பியிருக்காது.

ஹஜ் பயணத்தில் இவ்வினா அரசின் கொள்கையாகவும் ஆனது. 1950களின் இறுதிவரை வளைகுடாவின் பல பகுதிகளில் இந்திய ரூபாயே புழங்கியது. அதைப் பயன்படுத்தித் தங்கம் கடத்துவது பெருகியதால், 1959இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய்த் தாள்களும், ஹஜ் பயணிகளுக்கென 10 ரூபாயிலும் 100 ரூபாயிலும் தனித் தாள்களும் வெளியிடப்பட்டன. வரிசை எண்ணுக்கு முன் எச்.ஏ. என்ற எழுத்துகள் தாங்கிய அந்த ஹஜ் தாள்கள் இந்தியாவுக்குள் செல்லாதவை. எளிய பயணியின் கடமையையும் கடத்தல்காரரின் வழியையும் ஒரே தாளினால் பிரித்துவிட அரசு செய்த அம்முயற்சி அதிக காலம் நிலைக்கவில்லை.

உத்தமபாளையத்தை அடுத்த ராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களில் நன்கு அறியப்பட்ட எருசலேம் ஆலய நிகழ்ச்சி, நாணய மாற்றுக்காரர் மீது இயேசு சினந்தார் என்ற அளவிலேயே பெரும்பாலும் நினைவில் நிற்கிறது. ஆலயத்துக்குரிய அரைச் செக்கேல் வரியைத் தீர் நகரத்து வெள்ளி நாணயத்தில் செலுத்துவது வழக்கமாக இருந்ததால் மாற்றுக்காரர் இல்லாமல் அவ்வழிபாடு நடந்திராது. கல்போன் என்ற மாற்றுக் கட்டணத்தை யூதரின் மிஷ்னா நூல் ஏற்றுக்கொண்டாலும், வரிக் கடமை இல்லாத பெண்களும் சிறுவரும் தாமே விரும்பிக் கொடுத்தால் அவர்களிடம் அதை வாங்கலாகாது என்று விலக்கு அளித்தது. சினம் மாற்றுத் தொழிலின் மீதா, அது நடந்த இடத்தின் மீதா, வீதத்தின் மீதா என்பதில் விவிலிய அறிஞர்கள் ஒருமித்ததில்லை.

தென்மாவட்டக் கடைத்தெருக்களில் மகமை என்ற வழக்கம் உண்டு. மூட்டைக்கு இவ்வளவு, விற்பனையில் இவ்வளவு என்று வணிகர்கள் தம்முள் வகுத்துக்கொண்டு கோயிலுக்கோ பள்ளிக்கோ ஒதுக்கும் தொகை அது. அளவில் அதுவும் ஒரு கழிவே. ஆயினும் அதைக் குறித்து மனக்குறை எழுவது அரிது, ஏனெனில் தொகையும் அது போகும் இடமும் முன்பே தெரியும். எனவே, கழிவின் அளவைவிட அதன் வெளிப்படைத்தன்மையே அறத்தின் உரைகல் என்று கொள்ள இடமிருக்கிறது.

இவ்வுரைகல்லில் இன்றைய நடைமுறைகளை உரைத்துப் பார்க்கலாம். இந்திய வங்கி அட்டைகள் பலவற்றில் அயல்நாட்டுச் செலவுக்கு நூற்றுக்கு 2 முதல் 3½ வரை கூடுதல் கட்டணமும், அக்கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் சேர்கின்றன. இது கசப்பாக இருந்தாலும் நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கிறது. இக்கட்டணம் இல்லாத அட்டையைத் தேடி வாங்குவதும், ஊரிலேயே பல முகவர்களின் வீதத்தை ஒப்பிட்டுப் பயண அட்டையில் பணம் ஏற்றிக்கொள்வதும், விமானநிலையத்தில் மாற்றுவதைத் தவிர்ப்பதும், சிறு சிறு தொகையாகப் பலமுறை எடுக்காமல் ஒரே முறை எடுப்பதும் அறத்துக்குப் புறம்பானவை அல்ல. மச்சம் வெட்டிக்கொண்ட சுந்தரரின் விழிப்பைச் சேர்ந்தவையே. ஆனால் அயல்நாட்டுக் கடையின் அட்டைக் கருவி, உள்ளூர் நாணயத்தில் கழிக்கவா, ரூபாயில் கழிக்கவா என்று கேட்பது வேறு வகை. தாய்நாட்டு நாணயம் என்ற பழக்கத்தினால் ரூபாயைத் தேர்ந்தெடுப்பவருக்கு, அக்கருவியை இயக்கும் நிறுவனம் தன் விருப்பப்படி ஏற்றி வைத்த வீதம் கிடைக்கிறது. உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் சிக்கனம். பழக்கத்தின் மீது வைத்த பொறியான இது, மலையேறி வந்தவரிடம் ரூபாய்க்கு ரூபாய் என்று 28 சக்கரம் எண்ணிக் கொடுப்பதன் நேர் வாரிசு.

விழிப்புள்ளவர் தப்பித்துக்கொள்வதால் அறியாதவரின் சுமை கூடுகிறதா என்ற ஐயமும் எழக்கூடும். கட்டணமில்லாத அட்டை வானத்திலிருந்து விழுவதன்று. பிறர் செலுத்தும் கட்டணமும் வட்டியும் அதைத் தாங்குகின்றன. இதைக் கொண்டு விழிப்பையே குற்றமாக்குவது பொருந்தாது. ஆனால் தப்பிக்கும் வழி தெரிந்தவர் அதைத் தெரியாதவருக்குச் சொல்லாமல் இருப்பது, அந்தப் பொறியில் மௌனமாகப் பங்கு கொள்வதாகும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் முதன்முறை செல்லும் தொழிலாளிக்கு ஊரார் சொல்லி அனுப்ப வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

எல்லாக் கழிவையும் தவிர்க்கலாம் என்பதும் சரியன்று. இலங்கைத் தமிழரும் மலேயத் தமிழரும் உண்டியல் என்றும், மற்றவர் ஹவாலா என்றும் கூறும் மறைமுகப் பணவிடை, வங்கியைவிட மலிவாகவும் விரைவாகவும் வீட்டு வாசலில் பணம் சேர்ப்பதனால் ஏழைத் தொழிலாளருக்கு வரமாகத் தோன்றுகிறது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. தடை என்பதால் மட்டுமே அது அறமன்று என்று கூறிவிட முடியாது. ஸுஃப்தஜாவை ஆராய்ந்தவர்களின் முறையில், அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்றே கேட்க வேண்டும். அனுப்பியவர் ஏமாற்றப்பட்டால் முறையிட இடமில்லாத ஆபத்தும், யாருடைய பணத்தோடு தம் கூலி கலக்கிறது என்பது தெரியாத நிலையும் அம்மலிவின் விலை. சம்பந்தருக்கு முறையிட ஓர் இடம் இருந்தது. மறைமுகப் பணவிடையில் அதுவே இல்லை.

முறையிடும் இடத்தில் இருப்பவர்களும் ஒன்றும் செய்யாமல் இல்லை. அயல்நாட்டுத் தொழிலாளர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தின் செலவை 2030க்குள் நூற்றுக்கு 3க்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளுள் ஒன்று. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐ சிங்கப்பூரின் பேநவ் முறையோடு இணைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரிஷியஸிலும் யுபிஐ வழியே பணம் செலுத்தும் வசதி தொடங்கியது. இவை முதலில் பயன்படுவது கைப்பேசியும் வங்கிக் கணக்கும் ஆங்கிலமும் கைவந்த சுற்றுலாப் பயணிக்கே. மாதக் கூலியில் சிறு தொகையைப் பிரித்து அனுப்பும் கட்டடத் தொழிலாளிக்கு, தொகை எவ்வளவாயினும் ஒரே கட்டணம் என்ற வழக்கம் நிலைக்கும் இடங்களில், அவர் அனுப்பும் தொகை சிறியதாக ஆக ஆக நூற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கு மேலேறிக்கொண்டே போகிறது.